மச்சான் சொன்ன மெருகு

கெட்டில் ரன், பென்சில்வேனியா
12 ஏப்ரல் 1986

அன்புள்ள ஹார்லன் மச்சானுக்கு,

இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அரிசோனாவின் உலர்ந்த காற்று உங்கள் நுரையீரலுக்கு ஒத்துக்கொண்டதா, லூயிஸ் அக்காவுக்கு மூட்டுவலி தணிந்ததா என்று எழுதவும்.

உங்கள் தங்கை போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் பேச ஆளில்லாததால் ஊரில் அகப்பட்டவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். இதனால் ஆர்டிஸ் இல்லாத குறையை என்னைவிட ஊர்தான் அதிகம் உணர்கிறது.

டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் காலையில் பன்றிக்கறி ஸ்க்ராப்பிள் தின்ன உட்காரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். தபால் பட்டுவாடாவிலிருந்து ஓய்வு பெற்று, துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்துக்குத் தலைவராகிவிட்ட பர்டெட், தீவன ஆலை லாய்ட், இன்னும் சிலர். பேச்செல்லாம் துப்பாக்கியின் குழலும் குதிரையும்தான். நடுவில் நான் ஒருவன் கம்பளக் கடைக்காரன். மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே லீவு விடும் ஊரில், ஐம்பத்து நாலு வயது வரை துப்பாக்கியே வாங்காத ஆண்பிள்ளைகள் நானும் பாதிரியாரும்தான். அவரிடமும் ஒன்று இருப்பதாகப் பேச்சு. ஆர்டிஸுக்குப் பிடிக்காது என்று சொல்லி இத்தனை வருஷம் தப்பித்தேன். இப்போது அந்தச் சாக்கும் போயிற்று.

போன வாரம் லாய்ட் சொன்னான்: "ஓரின், அக்டோபர் துப்பாக்கிக் கண்காட்சில நீயும் ஒரு மேசை போடேன்ப்பா. நாங்க ரைபிள் வைக்கிறோம், நீ கால்மிதி வை. வர்றவங்க கால் தொடச்சுட்டு உள்ள வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பில்லையும் நானே கொடுத்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் மச்சான். அக்டோபரில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் எனக்கென்று ஒரு மேசை. அதில் இவர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரே ஒரு பழைய ரைபிள். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

செத்துப்போன வால்டர் ஸ்டைனின் மனைவி வெர்னா, அவனுடைய க்ராக் ரைபிளை விற்கிறாளாம். ஸ்பெயின் யுத்த காலத்து ராணுவச் சாமான். பணத்துக்கு வழி செய்துவிட்டேன்: முன்னறையை அடைத்துக்கொண்டிருந்த பியானோவை மதுக்கடை ரெக்ஸிடம் தள்ளிவிட்டேன். துப்பாக்கி விஷயத்தில் உங்கள் வார்த்தைக்கு இந்த மாநிலமே தலையாட்டும். எதைப் பார்த்து வாங்குவது என்று இந்தக் கால்மிதி வியாபாரிக்கு எழுதுங்கள்.

ஓரின் கெல்னர்


பிரெஸ்காட், அரிசோனா
24 ஏப்ரல் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மூச்சு பரவாயில்லை. லூயிஸ் நலம், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

க்ராக் நல்ல தேர்வு. வேட்டைக்கு வசதியென்று பலரும் அதன் குழலை அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்கள். அறுபடாதது அபூர்வம். தோளில் பதிக்கும் மரக்கட்டையின் இடப்பக்கம் ஒரு சிறு முத்திரை பதிந்திருக்கும்: பரிசோதகரின் எழுத்துகள், கீழே வருஷம். அது கூர்மையாகத் தெரிந்தால் மரத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். இரும்பு பழுப்பேறி மங்கலாக இருந்தால் இன்னும் நல்லது. வெர்னாவிடம் பேரம் பேசாதீர்கள்.

என் கண் மங்கிக்கொண்டு வருகிறது. என்னுடைய ரைபிள்களை அடுத்த வசந்தத்தில் ஏலத்துக்கு விடுகிறேன். எதிலும் ஒருநாளும் உப்புத்தாள் பட்டதில்லை என்பதுதான் அவற்றின் மதிப்பு. அதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு சான்று கிடையாது. அதுவே போதும் என்கிறார்கள் ஏலக்காரர்கள்.

முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள்.

ஹார்லன் ஸ்வோப்

பி.கு.: பியானோ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மாவின் பியானோவா?


கெட்டில் ரன்
5 மே 1986

அன்புள்ள மச்சானுக்கு,

முழங்கால் நலம். அதன் உரிமையாளனான நான் ஒரு சுற்று பருத்திருக்கிறேன், காரணம் பெருமிதம். ரைபிள் வாங்கியாயிற்று.

வெர்னா அதைக் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

"சுடுவியா, ஓரின்?"

"இல்லம்மா, மேசையில வைக்கப் போறேன்."

"நல்லது. வால்டரும் சுட்டதில்ல. ஞாயித்துக்கெழம மடியில வச்சுக்கிட்டு ரேடியோவுல பேஸ்பால் கேப்பாரு. இந்தா பாரு, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த எடம்."

கறுப்புத் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே நீங்கள் சொன்ன முத்திரை, நேற்றுக் குத்தியது போல, 1898. நீளமும் குறையவில்லை.

டாட்டி கடைக்கு எடுத்துப்போனேன். லாய்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பர்டெட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "தொடாத. கேக்குதா? எண்ணெய்த் துணியால ஒரு தடவ தொடச்சுக்க, அதோட நிறுத்து. மரத்துல கைய வச்ச, செத்த" என்றார்.

நிஜமாகவா மச்சான்? என் கண்ணுக்கு அது மண்வெட்டி மாதிரி இருக்கிறது. ஒரு கம்பளத்தை நான் அலசாமல் விற்றதே கிடையாது.

ஆமாம், அம்மாவின் பியானோதான். எங்கள் வீட்டில் என்ன பியானோப் பண்ணையா நடந்தது? கடைசி நாட்களில் ஆர்டிஸ் அது உங்கள் மகள் ஜோலீனுக்கு என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அரிசோனாவுக்கு அனுப்புகிற கூலியில் இன்னொன்றே வாங்கிவிடலாம். சாகப்போகிறவர்கள் லாரி வாடகையை யோசிப்பதில்லை. ரெக்ஸின் ஆட்கள் வாசற்படியில் இறக்கும்போது அது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அசல் ஆர்டிஸ் கோபித்துக்கொண்ட மாதிரி. பயந்து சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

ஓரின்


பிரெஸ்காட்
29 ஜூன் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாள் உடம்பு சரியில்லை. இப்போது தெளிவாக இருக்கிறேன்.

ரைபிளைப் பற்றி நிறைய யோசித்தேன். பர்டெட் நல்ல மனிதர். ஆனால் ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதைச் சுமந்தவர். 'தொடாதே' என்பது பழைய ஆட்கள் புதிய ஆளை அடக்கிவைக்கச் சொல்வது. உங்கள் மேசையில் மண்வெட்டி மாதிரி ஒன்று கிடந்தால் யாருக்குச் சௌகரியம்? அவர்களுக்குத்தான்.

முத்திரையைப் பற்றி நான் எழுதியது வாங்குவதற்காக. புதுச்சட்டையை விலைச்சீட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதற்காகச் சீட்டோடு கல்யாணத்துக்குப் போவதில்லை. முத்திரையின் வேலை முடிந்துவிட்டது.

கம்பளத்தை அலசாமல் விற்கமாட்டேன் என்றீர்கள். உங்கள் தொழில் புத்தி சரியாகத்தான் சொல்கிறது. கட்டையைத் தனியாகக் கழற்றுங்கள். பெயின்ட் உரிக்கிற திரவத்தால் பழைய எண்ணெயை எடுங்கள். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மெல்லியதில் முடியுங்கள். கறுத்த இடத்தில் நன்றாக அழுத்தவேண்டும், தயங்கக்கூடாது. பிறகு வார்னிஷ், முகம் தெரிகிற மாதிரி.

யாரிடமும் சொல்லாதீர்கள். கண்காட்சியன்று துணியை விலக்கும்போது பார்க்கட்டும்.

ஆர்டிஸின் கல்லறைக்கு யார் பூ வைக்கிறார்கள் என்று எழுதவும்.

ஹார்லன்


கெட்டில் ரன்
15 ஜூலை 1986

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பு சரியில்லை என்று படித்து வருந்தினேன். தெளிவாகிவிட்டீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். ஒரே பத்தியில் இரண்டும் முடிந்தது சௌகரியம். கல்லறைக்குத் தேவாலயத்துப் பெண்கள் பூ வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் போனபோது ஏதோ இருந்தது.

கட்டை முடிந்தது. கார் கொட்டகையில் ஆர்டிஸின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தேய்த்தேன். வால்நட் மரத்தூள் காபியில் விழுந்தது, காதில் விழுந்தது, ஞாயிறன்று தேவாலயத்தில் தும்மியபோது முன்வரிசையிலும் விழுந்தது. வால்டரின் கறுப்பு லேசில் போகவில்லை. ஒரு மதியம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினேன். முத்திரை எழுத்து எழுத்தாகப் போயிற்று. வருஷத்தின் கடைசி எட்டு மட்டும் அடம்பிடித்தது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன். இப்போது வார்னிஷில் என் முகம் தெரிகிறது. அது ஒன்றுதான் குறை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ரெக்ஸ் பியானோவின் குடலை உருவிவிட்டான். கம்பி, சுத்தி எல்லாம் கொல்லைப்பக்கம் குப்பையில். உள்ளே விஸ்கி பாட்டில்கள், மேலே பீட்ரூட் சாற்றில் ஊறும் முட்டை ஜாடி.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"இத்தன வருசத்துல இப்பத்தான் இந்தப் பொட்டிக்குள்ள உருப்படியான சரக்கு வந்திருக்கு. ஒக்காரு, ஓரின்" என்றான்.

சிரிப்பு தாங்கவில்லை. அதன் மேலேயே கிளாஸை வைத்து பீர் குடித்தேன். உயிரோடிருந்தவரை ஆர்டிஸ் அதன்மேல் ஒரு தண்ணீர் தம்ளர்கூட வைக்கவிட்டதில்லை. நீங்களும் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். வாசிக்கிற வெள்ளைக் கட்டைகள் கொஞ்சம் குப்பையில் கிடக்கின்றன. ஜோலீனுக்கு ஞாபகமாக ஓர் உறையில் போட்டு அனுப்பட்டுமா?

இரும்பை என்ன செய்ய?

ஓரின்


பிரெஸ்காட்
21 ஜூலை 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. உடனே எழுதுகிறேன். நாங்கள் நலம். ஜோலீனுக்கு எதுவும் அனுப்பவேண்டாம்.

இரும்பு. மோட்டாரில் சுற்றும் மெருகுச் சக்கரம் வாங்குங்கள். பழுப்பு ஒரு பொட்டுக்கூட மிஞ்சக்கூடாது. விளிம்புகள் கூராக இருக்கும். அவையும் உருண்டு வழவழப்பாகும் வரை பிடியுங்கள். இரும்பில் வெட்டிய எழுத்துகள் மங்கினால் மங்கட்டும். பிறகு கடையில் புட்டியில் விற்கும் நீலச்சாயத்தைப் பூசுங்கள். கருநீலமாக வரும்.

கடைசியாக, தொலைநோக்கி. அந்தக் காலத்துப் பட்டாளத்தானுக்கு அது கிடைக்கவில்லை. உடற்பகுதியின் மேல் துளை போட்டு மாட்டுங்கள். அந்த இரும்பு கெட்டியானது, முரண்டு பண்ணும். விடாதீர்கள்.

நான் உங்களோடு அங்கே இல்லையே என்றுதான் வருத்தம்.

ஹார்லன்


கெட்டில் ரன்
9 செப்டம்பர் 1986

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். 'எல்லோரும்' என்பது நானும் ரைபிளும்.

சக்கரத்தில் பிடித்தேன், சாயம் பூசினேன். பிணவண்டி மாதிரி மின்னுகிறது. துளை போடத்தான் பெரும்பாடு. பட்டறைக்காரன் டென்வில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான்.

"இதுல தொளை போட என் கை வராது, ஓரின். வேற ஆளப் பாரு."

"ஏன், கூலி பத்தாதா?"

"நீ போயிடு."

வேலை தெரியாதவனுக்குத் திமிர் அதிகம். புல்வெட்டும் எந்திரம் ரிப்பேர் செய்கிற பையன் ஒத்துக்கொண்டான். துளைப்பான் முனைகள் ஒடிந்துகொண்டேயிருந்தன. கடைசியில் துளை விழுந்தது, கொஞ்சம் கோணலாக. தொலைநோக்கியில் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரை தெரிகிறது.

சங்கத்து விதி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேசையில் வைக்கும் ரைபிளுக்கு முன்னால் ஓர் அட்டை வேண்டும்: யாரிடமிருந்து வந்தது, என்ன வேலை நடந்தது, யார் செய்தது. மறைத்தால் ஆயுளுக்கும் மேசை கிடையாது. உங்கள் பெயரையும் எழுதட்டுமா? லூயிஸ் அக்காவுக்கு என் அன்பு.

ஓரின்


பிரெஸ்காட்
18 செப்டம்பர் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். என் பெயர் வேண்டாம். உழைத்தது நீங்கள், எனக்கு எதற்குப் புகழ்? உங்கள் கைவேலை என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரே ஒரு உதவி. கண்காட்சியில் நடப்பதை ஒன்றுவிடாமல் எனக்கு எழுதவேண்டும். நீங்கள் துணியை விலக்கியதும் யார் என்ன சொன்னார்கள் என்று, அவர்கள் வாய்வார்த்தையாகவே. அதைப் படிக்க மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

ஹார்லன்


கெட்டில் ரன்
28 அக்டோபர் 1986

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்கவேண்டும். கேட்டபடி ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை, மண்டபம் நிறையக் கூட்டம். தீயணைப்பு நிலையத்துப் பெண்கள் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துணியை விலக்கினேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாயடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேனல்லவா, அது கிடைத்தது. பிறகு லாய்ட் ஆரம்பித்தான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஓரின், இது ரைபிளா, சவப்பெட்டிக் கைப்பிடியா?"

"மேல என்ன குழாய்? தண்ணி வருமா?"

"டேய், கால்மிதியே வச்சிருக்கலாம்டா."

அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை என்று சிரிப்பு மண்டபத்தைச் சுற்றி வந்தது. அடுப்பைவிட்டுப் பான்கேக் பெண்களும் வந்து பார்த்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்துவைத்தேன். அப்போது வெர்னா வந்தாள், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு.

"வால்டரோடது எங்க, ஓரின்?"

"இதான்மா."

கட்டையின் இடப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இது இல்ல" என்றாள். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்த் தேட ஆரம்பித்தாள். மண்டபம் முழுக்கத் தேடினாள் மச்சான். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குச் சிரிப்பே இருந்திருக்கலாம்.

பர்டெட் என்னை வெளியே கூட்டிப்போனார். "யார் சொன்னா உனக்கு?" என்றார். சொன்னேன்.

"பொய் சொல்லாத. முப்பது வருசமா இதே மண்டபத்துல புதுசா வர்றவனுக்கெல்லாம் தொடாத தொடாதன்னு சொல்லிக்கிட்டிருந்தவன் ஹார்லன். நான் உங்கிட்ட சொன்னதே அவன் சொன்னதுதான். உப்புத்தாளால தேச்சுக் கொண்டுவந்த ஒருத்தனக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளினவன்ய்யா அவன். அவனா உனக்கு இதச் சொல்லுவான்?"

நான் கேட்டுக்கொண்டேன். உள்ளே வந்து பான்கேக்கில் சிரப் ஊற்றித் தின்றேன். இன்னொரு காபி குடித்தேன். அட்டையில் அதுவரை 'ஓரின் கெல்னர் கைவேலை' என்றுதான் இருந்தது, நீங்கள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டபடி. அதைத் திருப்பிப் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பிரெஸ்காட் ஹார்லன் ஸ்வோப் அவர்களின் முறைப்படி, அவருடைய நேரடி யோசனையில் மெருகேற்றியது.' விதி விதிதானே. ஞாயிறு மாலை மண்டபத்தைப் பூட்டும் வரை மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஓஹையோவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உங்கள் ஏலத்துக்காகவே காத்திருக்கிறாராம். அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு, "அவர் தன்னோட ரைபிளயும் இப்பிடித்தான் வச்சிருப்பாரோ?" என்று கேட்டார்.

"தான் செய்யாததையா ஊருக்குச் சொல்வாரு? அவரு அப்பிடிப்பட்டவர் இல்லீங்க" என்றேன்.

உங்களை யாராவது குறைவாகப் பேசினால் என்னால் தாங்க முடியாது மச்சான்.

ஓரின்


பிரெஸ்காட்
6 நவம்பர் 1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் முழங்கால் நலமென்று நம்புகிறேன்.

ஏலக்காரர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எல்லா ரைபிள்களையும் வேறொருவர் பிரித்துப் பார்க்கவேண்டுமாம். அதுவரை என் வார்த்தையை வைத்து எதையும் விற்கமாட்டார்களாம். ஓஹையோக்காரர் விலகிவிட்டார். அவர் நண்பர்களும். பர்டெட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் சொல்லி முடிக்கும்முன் வைத்துவிட்டார்.

எனக்குப் பிறகு லூயிஸுக்கு இருப்பது இந்த ரைபிள்கள் மட்டும்தான்.

நான் எழுதியதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சங்கத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த அட்டையைக் கிழித்துவிடுங்கள். நாம் ஒரு குடும்பம். ஆர்டிஸ் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பாள்.

உடனே பதில் எழுதவும்.

ஹார்லன்


கெட்டில் ரன்
14 டிசம்பர் 1986

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் தாமதம். கொஞ்ச நாள் உடம்பு சரியில்லை. இப்போது தெளிவாக இருக்கிறேன். இங்கே முழங்கால் அளவு பனி, அதனால் என் முழங்கால் கண்ணில் படுவதில்லை, சண்டையும் இல்லை. மான் வேட்டைக்குப் போனேன். நான் மானைப் பார்த்தேன், மான் என்னைப் பார்த்தது, யாருக்கு அவமானம் என்று தெரியாமல் இருவரும் திரும்பிவிட்டோம். உங்கள் மூச்சு எப்படி? லூயிஸ் அக்கா சாப்பிடுகிறாளா?

தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எப்படி எழுதுவது மச்சான்? நீங்கள் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தீர்கள்.

ஒரு நல்ல செய்தி. சங்கத்தில் எனக்கு நிரந்தர மேசை கொடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம், வாசலுக்கு நேர் எதிரே. முதல் ரைபிள் வாங்கவரும் எவனையும் முதலில் என்னிடம்தான் கூட்டிவரவேண்டுமாம். என்ன செய்யக்கூடாது என்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறார் பர்டெட். அட்டையும் இருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. டாட்டி கடையிலும் இப்போது என்னை யாரும் கேலி செய்வதில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தால், "இவர்தாங்க அவரு, ஓரின், சொல்லு" என்கிறார்கள். நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் வருகிற இடங்களை நன்றாகச் சொல்வதாகப் பேர்.

வெர்னா மட்டும் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள்.

கதையைக் கேட்பவர்கள் கடைசியில் ஒன்று கேட்காமல் போவதில்லை. "உங்க மச்சானுக்கு உங்க மேல அப்பிடி என்னங்க கோவம்?" என்கிறார்கள். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் சொல்லிவருகிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள். அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஓரின்